எம்ஜிபி காரை வீட்டிலேயே மீட்டெடுப்பது எப்படி: துருவிலிருந்து சாலை வரை

அம்பாசடர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின் அந்நியமாகத் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த பி-சீரிஸ் என்ஜின்தான் இரண்டிலும். அம்பாசடரில் 1489 சி.சி., எம்ஜிபியில் 1798 சி.சி. மதுரையில் டாக்ஸி ஓட்டிய என் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி பார்க்கும்போது, பக்கத்தில் அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இருபது வருடம் கழித்து இங்கிலாந்தில் முதல்முறையாக ஒரு எம்ஜிபியின் ராக்கர் கவரை, அதாவது வால்வுகளின் மேல்மூடியைக் கழற்றினேன். அதே எட்டு வால்வுகள் அதே மாதிரி வரிசையாக நின்றன. அன்றைக்கே அந்தக் கார் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு கார் மட்டும் நிற்கிற கராஜில் இரண்டு எம்ஜிபிகளை முழுதாகச் செய்து முடித்திருக்கிறேன். முதலாவது கூரை மூடிய 1972 ஜிடி, அடுத்தது கூரை திறக்கிற 1969 ரோட்ஸ்டர். ஒவ்வொன்றும் சுமார் மூன்று வருட வார இறுதிகளைத் தின்றது. அந்த அனுபவத்தில் வேலையின் வரிசையை இங்கே எழுதுகிறேன். பழைய காரை எடுத்துச் செய்பவர்கள் பெரும்பாலும் என்ஜினில் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். பாடியில் துரு ஏறிவிட்டால் எவ்வளவு நல்ல என்ஜினும் பயன்படாது. அதனால் முதலில் தகரம், அப்புறம் என்ஜின், பிரேக், வயரிங். பெயிண்ட் கடைசிக்கு முந்தி.

வாங்குவதற்கு முன்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. வீட்டில் செய்ய இதைவிட ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் எனக்குத் தெரியாது. ரோட்ஸ்டர் முதலில் வந்தது, ஜிடி 1965இல் வந்தது. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக குரோம் பம்பரை எடுத்துவிட்டு கறுப்பு ரப்பர் பம்பர் போட்டார்கள், காரின் உயரத்தையும் கூட்டினார்கள். ரப்பர் பம்பர் கார் விலை குறைவு. முதல் முயற்சி என்றால் ஜிடியை எடுங்கள் என்பது என் கருத்து. கூரை இருப்பதால் தகரத்தை வெட்டும்போது பாடி அவ்வளவு சீக்கிரம் வளையாது.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம், படுத்துக்கொள்ள ஒரு பழைய பாய் போதும். கதவுக்குக் கீழே காரின் நீளவாக்கில் ஓடுகிற பெட்டிக்கு சில் என்று பெயர். இந்தக் காரின் முதுகெலும்பே அதுதான். வெளி சில், உள் சில், இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு, அடியில் காசில் ரெயில் என்று நான்கு துண்டுகள் சேர்ந்து அந்தப் பெட்டி ஆகிறது. முன்சக்கரம் தெளிக்கும் சேறு ஃபெண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து ஈரம் சில்லுக்குள் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

முதல் காரை வாங்கும்போது, "சில் ரெண்டும் புதுசு" என்று விற்றவர் சொன்னார். புதுசுதான். ஆனால் அழுகிய பழைய சில்லின் மேல் ஒரு மெல்லிய தகரத்தை மூடி வெல்டிங் அடித்து பட்டி பூசியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபெண்டரைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. அசல் சில் முன் ஃபெண்டருக்குப் பின்னாலும் பின் சக்கரத்தை நோக்கியும் தொடர்ந்து போகும். மூடி போட்ட சில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நின்றுவிடும். எனவே முன்சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் காசில் ரெயிலின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கதவைத் திறந்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மூடினால் சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பின்பக்கம் மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும் இருந்தாலோ, அது தலைகீழாக இருந்தாலோ பாடி வளைந்திருக்கலாம். முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே கதவுத் தகரத்தில் ஒரு வெடிப்பு வருவது இந்தக் காரின் பிறவிக் குணம். அதற்காகப் பயந்து விட்டுவிட வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டிகளைப் பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே இருந்தன. ஆசிட் கசிந்து அந்தத் தகரம் அப்பளம் போல ஆகியிருக்கும்.

என்ஜின் புகை விடுகிறதா, கியர் கத்துகிறதா என்பதெல்லாம் விலை பேச மட்டும் உதவும்.

பிரிட்டனில் 40 வருடம் கடந்த கார்களுக்குச் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை எம்ஓடி என்ற வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் உள்ள தகட்டு எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். கார் பிறந்தபோது எந்த நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்பதை இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் சான்றிதழாகவே வாங்கலாம். பெயிண்ட் நிறம் முடிவு செய்யும்போது அது கைகொடுக்கும்.

கருவிகள்

நம் ஊர் ஸ்பேனர் செட் இங்கே உதவாது. காரில் இருப்பது அங்குல அளவு நட்டு போல்ட்டு. 7/16, 1/2, 9/16 இந்த மூன்று ஸ்பேனரும் தினமும் கையில் இருக்கும். 1/2 அங்குல நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் உட்காரும், ஆனால் இறுகிய நட்டின் முனையை மழுக்கிவிடும். கேஸ் போட்டுப் பயன்படுத்தும் மிக் வெல்டிங் மெஷின், 0.6 மி.மீ. வயர், ஒரு ஆங்கிள் கிரைண்டர், காரைத் தாங்கி நிறுத்த நான்கு கனமான ஆக்ஸில் ஸ்டாண்டு, இறுக்கும் அளவைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். என்ஜின் தூக்கும் கிரேன் இரண்டு நாள் வாடகைக்குப் போதும்.

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. சில்லில் இருக்கும் பழைய ஜாக் பாயிண்டை நம்பவே வேண்டாம். வெல்டிங் தொடங்குமுன் பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே வையுங்கள். பேட்டரியை எடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் கராஜைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், கார்பெட்டுக்கு அடியில் புகையும் தீப்பொறி உடனே தெரியாது. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, கட்டிப் போடுங்கள்.

கழற்றுவது

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கழற்றிப் போட்டவர்களின் கார்கள்தான் அட்டைப் பெட்டிகளில் விற்பனைக்கு வருகின்றன. ஆகவே ஒரு பகுதியைக் கழற்றும் முன் பத்துப் படம் எடுங்கள். போல்ட்டைக் கழற்றியதும் முடிந்தவரை அதே ஓட்டையில் கையால் முடுக்கி வைத்துவிடுங்கள். முடியாதவற்றை ஜிப் பையில் போட்டு, எந்த இடம் என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வயரின் முனையிலும் காகித டேப்பில் ஒரு பெயர் இருக்கட்டும்.

என்ஜினைக் கழற்றுமுன், ஓடும் நிலையில் இருந்தால் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் பார்த்து எழுதி வையுங்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்குவது சுலபம். ரேடியேட்டரை எடுத்துவிட்டு, முன்பக்கம் மேலே வருமாறு நன்றாகச் சாய்த்தால் இரண்டும் ஒன்றாக வெளியே வந்துவிடும். கதவுகளை மட்டும் கழற்றாதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

சில் மாற்றுவது

இந்தப் பகுதிக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். அவசரம் காட்டக் கூடாத இடம் இதுதான்.

காரைச் சமதளத்தில், முன்னால் சேஸிஸ் ரெயிலிலும் பின்னால் ஸ்பிரிங் மவுண்ட் பக்கத்திலும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஸ்பிரிட் லெவல் வைத்து நாலு மூலையும் சரிபாருங்கள். கதவு நிற்கும் சட்டத்தின் முன் தூணிலிருந்து பின் தூண் வரை, கதவு மூட இடைஞ்சல் இல்லாமல் உள்பக்கமாக 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயை வெல்டு அடியுங்கள். ரோட்ஸ்டருக்கு இது இல்லாமல் வெட்டவே கூடாது, நடுவில் தொங்கிவிடும். பிறகு கதவுச் சட்டத்தின் குறுக்களவுகளை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான். முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் ஃபெண்டர் வெல்டு செய்தது, அதன் கீழ்முனையில் கொஞ்சம் வெட்டினால்தான் சில்லின் பின்பகுதி கைக்கு வரும். வெளி சில்லைக் கிரைண்டரால் நீளவாக்கில் வெட்டி எடுங்கள். உள்ளே ஒரு வாளி காய்ந்த மண் கொட்டும். நடுத்தகடு, காசில் ரெயில், உள் சில் எதெல்லாம் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். போனது எதையும் ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். துண்டுகள் எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன.

ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துப் பழைய விளிம்பைப் பிரித்ததும், வெல்டு விழும் இடமெல்லாம் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்க்க வேண்டும். அதன்மேல் வெல்டிங்குக்கான துத்தநாக பிரைமர். உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் துண்டுகளை கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். வெளி சில்லை நிறுத்தியதும் கதவை மூடிப் பாருங்கள். சுற்றிலும் 4 முதல் 5 மி.மீ. இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளாம்பைத் தளர்த்தி நகர்த்துங்கள். சரியாக வந்தபிறகு தகர ஸ்க்ரூ போட்டுப் பிடித்து, கதவை மறுபடி மூடிப் பாருங்கள்.

புதுத் தகரத்தின் விளிம்பில் 6 மி.மீ. ஓட்டைகளை மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, அந்த ஓட்டையை வெல்டால் நிரப்புவதுதான் முறை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே வரிசையில் அடித்துக்கொண்டே போனால் சூட்டில் தகரம் இழுத்துக்கொள்ளும். ஐந்தாறு வெல்டுக்கு ஒருமுறை கதவை மூடிப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

ஜிடியில் இடது பக்கத்தைச் செய்யும்போது, கை நுழைய வசதியாக இருக்கும் என்று கதவைக் கழற்றி வைத்துவிட்டேன். வெல்டிங் அழகாக வந்தது. மாலையில் கதவை மாட்டினால் பின்விளிம்பு தூணில் இடித்தது. 4 மி.மீ. வித்தியாசம். கீலை எவ்வளவு நகர்த்தியும் சரியாகவில்லை. மூன்று வார வேலையை வெட்டிப்போட்டு மறுபடி செய்தேன். அதனால்தான் கதவைக் கழற்றாதீர்கள் என்று சொன்னேன்.

தரைத் தகரமும் பேட்டரிப் பெட்டியும் இதோடு ஒப்பிட்டால் சின்ன வேலை. காசில் ரெயிலில் நீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பாதிக்கு மேல் தகரம் போய்விட்டது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்கு முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. விலை அதிகம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், சில சமயம் அதுவே லாபம்.

என்ஜின்

நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலை இது. 1964 கடைசிக்குப் பிறகு வந்த என்ஜின்களில் கிராங்கை (என்ஜினின் சுழலும் தண்டை) ஐந்து மெயின் பேரிங் தாங்கும், அதற்கு முன்பு மூன்று. ஐந்து உள்ளது உறுதியானது. சிலிண்டரின் அசல் விட்டம் 80.26 மி.மீ. லேத் பட்டறையில் கொடுத்து மேலே, நடுவில், கீழே என அளந்து பார்த்தபிறகே ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது பற்றி முடிவு செய்யுங்கள். பட்டறை அளவு சொல்வதற்கு முன்னால் பிஸ்டன் வாங்காதீர்கள்.

வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கொடுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் (வால்வு உட்காரும் வளையம்) போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் இது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய சீட் நாளடைவில் அமுங்கிப்போகும். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது இளக்கிவிடும் என்பதால் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

பூட்டும்போது சுத்தம் முக்கியம். ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவினால் பட்டறைத் தூள் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பீர்கள். மெயின் பேரிங் கேப் 70 பவுண்டு-அடி, ஹெட் நட்டு 50 பவுண்டு-அடி வரை, மூன்று சுற்றாக நடுவிலிருந்து வெளியே முடுக்க வேண்டும். பிஸ்டன் கம்பியை கிராங்கோடு பிடிக்கும் பிக் எண்ட் போல்ட்டு வகைக்கு வகை மாறும், உங்கள் என்ஜின் எண்ணுக்கான பட்டறைக் கையேட்டைப் பார்த்தே முடுக்குங்கள்.

டேப்பெட் இடைவெளி, குளிர்ந்த நிலையில் ஆயிரத்தில் 15 பங்கு அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இதற்குப் பெரியப்பாவின் ஒன்பது கணக்குப் போதும். "எட்டு அமுங்கினா ஒண்ணப் பாருடா, ஏழு அமுங்கினா ரெண்டப் பாரு" என்பார். முழுதாக அமுங்கி நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதில் கழித்தால், அளக்க வேண்டிய வால்வு கிடைத்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் என்ஜினைக் கையாலேயே சுற்றலாம். கேஜ் இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போவது போல லேசான பிடிப்பு இருக்க வேண்டும்.

வெளியே எடுத்திருக்கும்போதே கிளட்ச் தட்டையும் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு பேரிங்குக்காகத் திரும்ப என்ஜினைத் தூக்க வேண்டிவரும். கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். அதில் ஊற்ற வேண்டியது கியர் ஆயில் இல்லை, என்ஜினுக்குப் போடும் அதே 20டபிள்யூ50 தான்.

பிரேக், சஸ்பென்ஷன், வயரிங்

பிரேக்கில் பழையது எதையும் மிச்சம் வைக்க வேண்டாம். குழாய்களை காப்பர்-நிக்கலில் போடுங்கள், துருப்பிடிக்காது. ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிது. பிரேக் குழாய்களிலிருந்து ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். முன்சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின்னுக்கு கிரீஸ் போடும் நிப்பிள்கள் உண்டு. முந்தைய சொந்தக்காரர்கள் அதை மறந்திருப்பார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் கையில் தெரியும்.

வயரிங்கைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிறக்கணக்கு தெரிந்தால் போதும். பழுப்பு எப்போதும் பேட்டரியோடு நேரடியாக இருக்கும், ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு எர்த். மின்சாரத் தொல்லைகளில் பெரும்பங்கு எர்த் பிடிக்காததால் வருவது. பெயிண்ட் அடித்தபிறகு எர்த் போல்ட்டு உட்காரும் இடத்தைத் தேய்த்துத் தகரம் தெரியச் செய்யுங்கள். 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெயிண்ட்

தேய்ப்பது, எபாக்ஸி பிரைமர், மெல்லிய பட்டி வரை வீட்டில் செய்யலாம். இரண்டு பாகம் கலக்கும் இன்றைய பெயிண்ட்டில் ஐசோசயனேட் உண்டு. வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்ப்ரே செய்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும். இதை மட்டும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். காரைத் திரும்பக் கொண்டுவந்ததும் சில்லுக்குள் மெழுகு ஸ்ப்ரேயை நீளக் குழாய் விட்டு, வடியும் ஓட்டைகள் வழியே சொட்டும்வரை அடியுங்கள்.

முதல் ஸ்டார்ட்டும் கார்புரேட்டரும்

என்ஜினைக் காரில் ஏற்றி, ஆயில் ஊற்றி, பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை பிளக் மாட்ட வேண்டாம். சாவியைப் போட்டதும் பின்னால் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, உடனே அணையுங்கள். புதிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காத நிலையில்) விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் வையுங்கள். சூடானபின் ஓடும்போது ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டுக்குள், ஐடிலில் 10 முதல் 25க்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு இருக்கும். முதலில் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா பாருங்கள். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்தால் 'ஸ்ஸ்' சத்தம் ஒரே மாதிரி கேட்க வேண்டும். பிறகு ஒன்றின் பிஸ்டனை அடியிலுள்ள ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அமுங்கி அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழையபடி வந்தால் சரி. பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டை ஒரு முகம் அளவுக்குத்தான் திருப்ப வேண்டும், திருப்பியதும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை ஆனது. அந்தச் சனிக்கிழமையை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கட்டாயமில்லை என்றாலும் சாலைக்குப் போகுமுன் ஒரு எம்ஓடி சோதனை போடுங்கள், இன்னொருவர் கண்ணில் படட்டும். முதல் 50 மைலில், கம்பிகள் வைத்த வயர் வீல் என்றால் நடு நட்டை மறுபடி இறுக்குங்கள். 500 மைலில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டையும் டேப்பெட்டையும் திரும்பப் பாருங்கள். முதல் பெரிய மழைக்குப் பிறகு கார்பெட்டைத் தூக்கி, சில் தரையோடு சேரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கே எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். என் ரோட்ஸ்டரில் அது முன்சக்கர வளைவின் தடுப்புத் தகட்டில் ஒரு ரப்பர் சீல் மடங்கியிருந்ததால் வந்தது. சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது.